எண் குத்தாத ஆப்பு

நவம்பர் 6, திங்கள்

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து தாண்டிக்குடி பஸ். வளைவுக்கு வளைவு காது அடைத்தது. பஸ் நின்ற இடத்தில் எஸ்டேட் ஜீப் காத்திருந்தது.

வந்த வேலை இதுதான். விஜயரங்கன் என்பவரிடம் உள்ள பதினொரு பழங்காலக் கேப்பு ரிவால்வர்களைப் பரிசோதித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்புச் சான்றிதழ் எழுதித் தர வேண்டும். தோட்டா என்ற ஒன்று வருவதற்கு முந்தைய காலத்துச் சாமான் இவை. உருளையின் அறைகளில் மருந்தையும் ஈயக் குண்டையும் கிட்டித்து, ஒவ்வொரு அறையின் பின்னாலும் ஒரு செம்புக் கேப்பு மாட்டிச் சுடுவார்கள். தீபாவளிக்கு நாம் வெடிக்கிற கேப்புக்கு இது கொள்ளுத் தாத்தா.

அவர் ஆக்லாந்தில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போகிறார். நூறு வயது தாண்டிய பொருள் எதையும் நாட்டைவிட்டுக் கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்காது. அதனால் சேகரிப்பு முழுவதையும் கோயம்புத்தூரில் ஒரு தனியார் அருங்காட்சியகம் எடுத்துக்கொள்கிறது. பதினெட்டாம் தேதி வண்டி வரும். என் கையெழுத்து இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

மூன்று நாள் வேலை. வெள்ளிக்கிழமை இறங்கிவிடுவேன். ஞாயிறு தீபாவளிக்குத் தங்கச்சி வீட்டில் இருக்க வேண்டும்.

விஜயரங்கன் வாசலுக்கே வந்து நின்றார். தலை முழுக்க வெளுத்துவிட்டது.

"வாங்க மேடம். பயணமெல்லாம் சௌகரியமா?"

"சௌகரியம் சார்."

இருபத்துநாலு வருடம் கழித்துப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். 'என்பவர்' என்று மேலே எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், அடிக்க வேண்டாம்.

கருவிப் பையைப் பிரித்தபோது ஒரு பழைய பிலிம் ரோல் டப்பாவும் கூடவே வந்திருப்பதைப் பார்த்தேன். கவனக்குறைவு.

நவம்பர் 7, செவ்வாய்

பழைய துப்பாக்கி எதைத் தொட்டாலும் அப்பா சொல்லித்தந்த முதல் வேலையைத்தான் முதலில் செய்வேன். ஒவ்வொரு அறைக்குள்ளும் மெல்லிய பித்தளைக் கம்பியை விட்டு ஆழம் பார்ப்பது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ கிட்டித்துவிட்டு மறந்த மருந்து இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். பதினொன்றும் காலி. நிம்மதி.

அடுத்தது வயிற்றெரிச்சல். மூன்றாவதும் ஐந்தாவதும் புதுப் பாத்திரம் மாதிரிப் பளபளத்தன. உருளையில் இருந்த பழைய நீலப்பூச்சு பாதிக்கு மேல் காணோம். வீட்டில் சமையல் செய்யும் செல்லாயியைக் கேட்டேன்.

"மதுரையிலருந்து ஆளு வருதுன்னு ஐயா சொன்னாரு. நீங்க பாக்கையில அழுக்கா இருக்கக் கூடாதுல்லம்மா. புளியும் சாம்பலும் போட்டு விளக்கிட்டேன்."

பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்ய வேண்டியதை நூற்றெழுபது வயது இரும்புக்குச் செய்திருக்கிறாள். திட்ட வாயெடுத்தேன், ஆனால் முகத்தில் அவ்வளவு பெருமை. "நல்லா விளக்கியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, சான்றிதழில் 'அண்மையில் கடுமையாகத் துலக்கப்பட்டது' என்று எழுதினேன்.

"எல்லாத்தையும் விளக்கியிருப்பேன். அந்த ஏழாவதை எடுத்தேன், ஐயா சத்தம் போட்டுட்டாரு. முப்பது வருசத்துல அன்னைக்குத்தான் சத்தம் போட்டுக் கேட்டேன்."

நவம்பர் 8, புதன்

நான்கு முடிந்தன. ஒன்பதாவது பெல்ஜியத்துப் போலி. அவருக்கும் தெரியும். மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. எனக்குப் பிடிக்கும் என்று செல்லாயிக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

நவம்பர் 9, வியாழன்

ஏழாவது. லண்டனில் கோல்ட் கம்பெனி செய்த ரிவால்வர். எட்டுப் பட்டைக் குழாய், ஆறு அறை, உருளையைச் சுற்றி ஒரு கடற்சண்டைச் சித்திரம். பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்தச் சித்திரம் தேய்ந்து மழுங்கிப் போயிருக்கும். இதில் கப்பல்களின் பாய்மரக் கயிறுகூடத் தெரிகிறது. நான் இதுவரை பார்த்ததில் இவ்வளவு நல்லது இன்னொன்று இல்லை. இது எனக்குப் புதிதல்ல, முன்பே பார்த்ததுதான்.

எங்கள் தொழிலில் எண்தான் ஜாதகம். உடலில், குழாயில், உருளையில், கைப்பிடியில், எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். இதில் எல்லா இடத்திலும் 27361. கடைசியாகப் பார்க்க வேண்டியது ஆப்பு. சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும் ஓர் இரும்புத் துண்டு. குறுக்கே சொருகியிருக்கும், குழாயையும் உடலையும் பிணைத்து வைத்திருப்பது அது ஒன்றுதான். உருவினால் துப்பாக்கி இரண்டாகக் கழன்றுவிடும்.

இந்த ஆப்பில் எண் இல்லை.

இன்னொன்றையும் குறித்துவைக்க வேண்டும். மற்ற பத்தையும் வருடா வருடம் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறார். இதை மட்டும் கழற்றவே இல்லை. ஆப்பைச் சுற்றிப் பழைய எண்ணெய் அரக்கு மாதிரி இறுகிக் கிடக்கிறது. தையல் மெஷின் எண்ணெய். மதுரையில் எங்கள் துப்பாக்கி ரிப்பேர்க் கடையில் போடுவது. சேகரிப்பாளரின் அலட்சியம் என்றுதான் எழுத வேண்டும்.

சான்றிதழில் எழுதியது: 'ஆப்பு – பின்னர் பார்க்கவும்.'

நவம்பர் 10, வெள்ளி

மழை. இறங்கவில்லை. பஸ் ஓடுகிறது என்று செல்லாயி சொன்னாள். இருந்தாலும் பாதை வழுக்கும். தங்கச்சிக்குப் போன் செய்து, வேலை இழுக்கிறது என்று சொன்னேன்.

"அக்கா, பதினோரு துப்பாக்கிக்கு இத்தனை நாளா?" என்றாள். அவளுக்கு இந்தத் தொழில் புரியாது.

நவம்பர் 11, சனி

நாட்குறிப்பில் பொய் எழுதுவது வெட்டி வேலை என்று இன்று காலை தோன்றியது. எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் அப்பா கடைக்கு விஜயரங்கன் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு பாழடைந்த பங்களாவில் தட்டுமுட்டுச் சாமான் ஏலம். டின்னுக்குள் துரு ஏறிய துண்டுகள், உருளை மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. அப்பா அதை என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு முப்பத்திரண்டு, அவருக்கு முப்பத்தெட்டு. இரண்டு பேருக்குமே கல்யாணம் தள்ளிப்போய் ஊரார் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள்.

ஆறு மாதம் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் வந்தார். நான் துருவை ஊறவைத்துச் சுரண்டுவேன். அவர் எண்ணைப் படித்து எழுதிக்கொள்வார். எல்லாம் 27361. ஆப்பு மட்டும் டின்னில் இல்லை. பங்களாவுக்கே திரும்பப் போனோம். மூன்று மணி நேரம் தேடினோம். கடைசியில் அவர் ஒரு ஜன்னலருகே நின்றுவிட்டார். கதவு ஆடாமலிருக்க யாரோ ஒரு இரும்புத் துண்டைச் சொருகியிருந்தார்கள். உருவினார், வேட்டி முனையில் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "சேந்துருச்சு கயல்" என்றார். அங்கயற்கண்ணி என்ற முழுப்பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று வண்டியில் வரும்போது, "வியாழக்கிழமை வந்து உங்கப்பாகிட்டப் பேசுறேன்" என்றார்.

வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளி, சனி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஆள் ஒருவர் சீட்டோடு வந்தார். 'அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. எங்கள் பக்கத்திலேயே பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். துப்பாக்கியைக் கொடுத்தனுப்பவும். மன்னிக்கவும்.'

சாயங்காலம் வரச் சொல்லி ஆளை அனுப்பினேன். பட்டறைக்குள் போய், ஒரு இரும்புத் துண்டை எடுத்து, மதியம் முழுக்க அரத்தால் ராவினேன். அச்சு அசலாக ஓர் ஆப்பு. எண் மட்டும் குத்தவில்லை. பொய் எண் குத்துகிற பழக்கம் எங்கள் கடையில் கிடையாது. அதைச் சொருகித் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினேன். அசலை வைத்துக்கொண்டேன்.

பிலிம் ரோல் டப்பாவில் இருப்பது அதுதான். வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவேன். இரும்பு என்றால் செய்ய வேண்டியதுதானே.

ஏன் எடுத்தேன் என்றால், எண்ணைப் பார்க்காத சேகரிப்பாளர் உலகத்தில் இல்லை. பார்த்ததும் தெரிந்துவிடும். தெரிந்ததும் கேட்டு வருவார். கோபமாகவாவது வருவார் என்று நினைத்தேன். ஒரு மாதம் வாசலைப் பார்த்தேன். அப்புறம் ஒரு வருடம். அப்புறம் பழகிப்போனது என்று எழுதலாம்தான், ஆனால் பொய் வேண்டாம் என்று மேலே எழுதிவிட்டேனே.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கீழே தொழிலாளர் வீடுகளிலிருந்து விடிந்ததிலிருந்து கேப்புச் சத்தம்.

செல்லாயி என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு வெந்நீர் ஊற்றினாள். குளித்து வந்தால் கட்டிலில் ஒரு புதுப் புடவை, மயில் கழுத்து நிறம். "வத்தலக்குண்டு போயி ஐயாவே எடுத்துட்டு வந்தாரு" என்றாள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. கட்டிக்கொண்டேன். வேண்டாம் என்றால் மனது புண்படும்.

முன்னறைச் சுவரில் அவர் மனைவியின் படம். போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறதாம். நல்ல முகம். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் வந்ததில்லை. அவள் எனக்கு என்ன செய்தாள்.

சாப்பிடும்போது அவர் கேட்டார். "மேடம், எல்லாத்துக்கும் எழுதிட்டீங்களா?"

"ஏழாவது பாக்கி."

"ஏழாவதா" என்றார். இரண்டு பேரும் அதிரசத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

நவம்பர் 13, திங்கள்

மழை இல்லை. இறங்கவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

ஆக்லாந்திலிருந்து மகள் வீடியோவில் பேசினாள். மாதவி என்று பெயர். அப்பாவை இந்தப் பெரிய வீட்டில் தனியாக விட்டுவிட்டு அங்கே தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றாள். போன வருடம் படியில் விழுந்து, மறுநாள் செல்லாயி வரும்வரை அப்படியே கிடந்தாராம். எனக்கு இது தெரியாது.

போனை என் பக்கம் திருப்பினார். "ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க. கடைசி நேரத்துல வரமாட்டேன்னு சொல்லிருவாருன்னு பயமா இருக்கு. யாருகிட்டயும் காட்டிக்காம ஏதோ ஒண்ணுக்காகக் காத்துட்டிருக்கற மாதிரியே இருக்காரு."

சொல்கிறேன் என்றேன்.

பாத்திரம் தேய்த்தபடி செல்லாயி என்னிடம் வேறு மாதிரிச் சொன்னாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருந்துருவாரும்மா."

இரண்டு பேரும் ஒரே வாயை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர் போகக் கூடாது. எழுதிவிட்டேன். இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. எனக்கு அவர் போகவே கூடாது.

நவம்பர் 15, புதன்

காலையில் காபி குடிக்கும்போது அவரே ஏழாவதை எடுத்துவந்து மேசைமேல் துணி விரித்து வைத்தார்.

"இதுக்கு மட்டும் எழுதலையே மேடம்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆப்பு அசல் இல்ல" என்றேன்.

"தெரியும்."

"எப்போலருந்து?"

"வந்த அன்னைக்கே. பொட்டலத்தைப் பிரிச்சதும் எண்ணைத்தான பார்ப்பேன். எண் இல்லைன்னதும் யாரு செஞ்சதுன்னும் தெரிஞ்சுபோச்சு. அரம் ஓட்டியிருந்த சுத்தத்துக்கு அது உன் கைதான்."

மேடம் போய் 'உன்' வந்துவிட்டது. அவர் கவனித்தாரா தெரியவில்லை, நான் கவனித்தேன்.

"தெரிஞ்சும் ஏன் கேட்டு வரல? நீங்க கேட்டு வருவீங்கன்னுதான் எடுத்தேன். அதுக்குத்தான் எடுத்தேன்." எனக்குக் குரல் உடைந்துவிட்டது. இருபத்துநாலு வருடம் பத்திரமாக வைத்திருந்த குரல். "ஒரு சீட்டு எழுதியிருந்தாக்கூடப் போதும். 'ஏன்டி திருடுன'ன்னு ஒரு வரி."

அடுப்படியில் பால் பொங்கி வழிந்தது, செல்லாயி ஓடுகிற சத்தம் கேட்டது.

"கேட்டா நீ குடுத்துருவ கயல்" என்றார். "குடுத்துட்டா அதோட முடிஞ்சுபோச்சு. கேக்காம இருந்தா என்னோடது ஒண்ணு உங்கிட்ட இருக்கும்ல. அதுக்குத்தான் கேக்கல. இதைக் கழட்டவும் இல்ல. நீ கடைசியா சொருகுனது அப்படியே இருக்கட்டும்னு வெச்சிருந்தேன்."

"நான் கோவத்துல எடுத்தேன்னு நெனைக்கலையா?"

"மொதல்ல நெனைச்சேன். இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதன்னு சொல்றன்னு நெனைச்சேன். செஞ்ச காரியத்துக்கு அது எனக்கு வேணும்தான். எங்கம்மா மூணு நாள் சாப்பிடாம கெடந்தாங்க. நான் எதுத்துப் பேசல. அதை இன்னைக்கு வரைக்கும் மாத்திச் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல."

ஊரில் மற்றவர்கள் எல்லாம் வாயால் பேசித் தொலைக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் அரை விரல் இரும்பு நமக்காகப் பேசும் என்று அதனிடம் விட்டுவிட்டு, ஆளுக்கொரு மலையில் உட்கார்ந்திருந்தோம். நான் மலையில்கூட இல்லை, மதுரையில்.

டப்பாவை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். அவர் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

நவம்பர் 16, வியாழன்

இன்று திறந்தோம்.

பழைய எண்ணெய் இறுகியிருந்ததால் என் ஆப்பு லேசில் வரவில்லை. மரச் சுத்தியலால் நாலு தட்டு. கழன்று வந்தது. அசலை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு தட்டுக்கூடத் தேவைப்படவில்லை. க்ளிக் என்று உட்கார்ந்துவிட்டது. அது பிறந்த இடம் அது.

27361, எல்லா இடத்திலும்.

சான்றிதழில் எழுதினேன்: 'ஆப்பு உட்பட எல்லா உறுப்புகளும் ஒரே எண். முழுமையானது.' இதுவரை நான் எழுதிய சான்றிதழ்களில் இந்த வார்த்தையை எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதும்போது சந்தோஷமாக இல்லை.

என் ஆப்பு மேசையில் கிடந்தது. இனி எதற்கும் உதவாத துண்டு. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு வயசு இருபத்துநாலுதான?"

"ஆமா."

"அப்ப இன்னும் நூறு ஆகல. இதைக் கொண்டுபோகச் சட்டத்துல தடை இல்லையே?"

மதிப்பீட்டாளராகத்தான் பதில் சொன்னேன். "தடை இல்ல. இது பழம்பொருள்ல சேராது."

சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

நவம்பர் 17, வெள்ளி

தோட்டத்தில் நடந்தோம். காபிப் பழம் சிவந்து கிடக்கிறது. இந்த வருடம் பறிக்கும்போது அவர் இருக்கமாட்டார். ஓரிடத்தில் பாதை சறுக்கலாக இருந்தது. தடுமாறினார், முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். சறுக்கல் முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன். படியில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தார் என்பது ஞாபகம் வந்தது. மதுரையில் என் கடை, மேலே ஒற்றை அறை, செங்குத்தான மரப்படி. போகாதீங்க, அங்கே வந்து இருங்க என்றால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆக்லாந்தில் தூங்காமல் இருக்கிற அந்தப் பெண்ணுக்கு.

"கயல், ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"குளிருக்கு நல்ல ஸ்வெட்டர் ரெண்டு வாங்கிக்குங்க" என்றேன்.

நவம்பர் 18, சனி

கோயம்புத்தூர் வண்டி பத்து மணிக்கு வந்தது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஏழாவதைக் கையில் எடுத்த அதிகாரி எண்களைச் சரிபார்த்துவிட்டு, "இத்தனை வருசத்துக்கப்புறம் ஆப்புகூட அசலாக் கெடைக்கிறது பெரிய அதிசயம் சார்" என்றார்.

"ஆமா. பத்திரமா வெச்சிருந்தாங்க" என்றார் விஜயரங்கன்.

மதிய பஸ்ஸில் இறங்கினேன். ஜீப் ஓட்டுநர் இருக்கும்போதே, எல்லார் எதிரிலும் அவர், "போயிட்டு வா" என்றார். மயில் கழுத்துப் புடவை பையில் அடியில் இருக்கிறது. டப்பா காலியாக இருக்கிறது. வளைவுகளில் அது பைக்குள் உருளும் சத்தம் வத்தலக்குண்டு வரை கேட்டது.

நவம்பர் 23, வியாழன்

உரிமம் புதுப்பிக்கும் வேலை. கலெக்டர் அலுவலகத்தில் நாலு மணி நேரம் காத்திருந்தேன்.

இன்று வருடாந்தர எண்ணெய் மாற்றும் நாள். எண்ணெய்ப் புட்டியை எடுத்துவிட்டேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

நவம்பர் 30, வியாழன்

கடை திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். சென்னை விமான நிலையத்திலிருந்து அவர் போன்.

"பெட்டியைத் திறக்கச் சொல்லிட்டாங்க கயல். அந்த இரும்பு மெஷின்ல தெரிஞ்சிருக்கு. என்ன இதுன்னு கேட்டாங்க. ஒரு ஆப்புன்னேன். எதுக்குன்னாங்க. இப்ப எதுக்கும் இல்லன்னேன்."

"பிடுங்கி வெச்சுக்கிட்டாங்களா?"

"இல்ல இல்ல. அந்த ஆபீசர் சின்ன வயசுப் பொண்ணு. கையில வாங்கிப் பாத்துட்டு, ரொம்ப நேர்த்தியா இருக்கு, எங்க வாங்குனீங்கன்னு கேட்டுச்சு. வாங்கல, செஞ்சதுன்னேன். யாரு செஞ்சாங்கன்னு கேட்டுச்சு." பின்னால் ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. "என் சம்சாரம் செஞ்சதுன்னு சொல்லிட்டேன். வாயில அதான் வந்துச்சு. தப்பா சொல்லிட்டேனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வரிசை நகர்கிறது என்றார்கள்.

"தப்பில்ல" என்று நான் சொன்னபோது லைன் போயிருந்தது. போனைக் கீழே வைக்காமல் இன்னொரு தடவை சொன்னேன். கடையில் யாரும் இல்லை.